‘வாபஸ்’ ஒன்று, பொருள் பல

வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ், மசோதா வாபஸ், வேலைநிறுத்தம் வாபஸ், கட்டண உயர்வு வாபஸ், ராஜினாமா வாபஸ், படைகள் வாபஸ். நம் நாளிதழ்த் தலைப்புகளில் பாரசீகத்திலிருந்து வந்த இந்த ஒற்றைச் சொல் ஏறத்தாழ எல்லாப் பின்வாங்கல்களையும் சுமந்து நிற்கிறது. ஆங்கிலமோ இதே பணிக்கு இருபதுக்கும் மேற்பட்ட சொற்களை வைத்திருக்கிறது. அவை ஒன்றுக்கு மற்றொன்று பதிலியாக நிற்கும் அலங்காரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி விளைவு உண்டு. எது பெருந்தன்மை, எது கோழைத்தனம், எது சட்டப்படியான உரிமை, எது ஒப்பந்த மீறல் என்பதை அந்தச் சொல்லே தீர்மானித்துவிடுகிறது.

உடுமலைப்பேட்டை போன்ற ஊருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தென்னந்தோப்புக் கிரையம், கறிக்கோழி வளர்ப்பு ஒப்பந்தம், நூற்பாலை வேலை, வங்கிக் கடனுக்கு ஜாமீன், ஆயுள் காப்பீடு என இங்குள்ள ஒரு சராசரிக் குடும்பம் தன் வாழ்நாளில் கையெழுத்திடும் தாள்களில் பல ஆங்கிலத்தில் உள்ளன. ‘பிடிக்காவிட்டால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்’ என்ற வாய்மொழியை நம்பிக் கையெழுத்திட்டவருக்கு, அந்த ‘வாபஸ்’ எந்தச் சொல்லின் மொழிபெயர்ப்பு என்று தெரியாமல் போனால் இழப்பு நிலமாகவும் பணமாகவும் வரும்.

சொல்லின் வேர்கள்

ஆங்கிலத்தில் இக்குடும்பத்தின் மூத்த சொல் ‘வித்டிரா’. இதிலுள்ள ‘வித்’ இன்றைய ‘உடன்’ என்ற பொருளில் வந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் ‘எதிராக’, ‘அப்பால்’ என்ற பொருளும் அதற்கு இருந்தது. ‘டிரா’ என்றால் இழுத்தல். ஆக, தன் பக்கமாக இழுத்துக்கொள்வதே அச்சொல்லின் படிமம். நம் ‘பின்வாங்கு’ என்ற சொல்லும் அதே படிமத்தைத்தான் காட்டுகிறது. பழந்தமிழில் ‘வாங்கு’ என்பதற்கு விலை கொடுத்துப் பெறுதல் என்பது மட்டும் பொருளன்று. வளைத்தல், இழுத்தல் என்பனவும் அதன் பொருள்களே. மூச்சு வாங்குகிறது என்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கியது என்று எழுதினோம். அந்த ‘வாங்கு’தான் பின்வாங்குதலிலும் இருக்கிறது.

எஞ்சியவற்றில் பெரும்பாலானவை இலத்தீன் வழி வந்தவை. ‘ரி’ என்ற முன்னொட்டு ‘மீண்டும்’, ‘பின்னோக்கி’ என்ற பொருளைத் தருகிறது. அதனுடன் சேரும் வேர்ச்சொல்லைக் கொண்டு ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ‘ரிவோக்’, ‘ரிப்பீல்’ இரண்டுமே திரும்ப அழைத்தல் என்ற பொருளிலிருந்து பிறந்தவை. ‘ரிட்ராக்ட்’ என்றால் திரும்ப இழுத்தல். ‘ரிகேன்ட்’ என்பதில் பாடுதல் என்ற வேர் உள்ளது. முன்பு பாடியதை மாற்றிப் பாடுவது. ‘ரெசிண்ட்’ என்பதில் வெட்டுதல் உள்ளது. ‘ரெனீஜ்’ என்பதில் மறுத்தல் உள்ளது. ‘ரிசைன்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு முத்திரையை அகற்றுதல், செல்லாததாக்குதல் என்று பொருள்.

இந்த இடத்தில் நம்மூர்ச் சொல் ஒன்றையும் கவனிக்க வேண்டும். ‘ராஜினாமா’ என்பது பாரசீகம். ‘ராஜி’ என்றால் சம்மதம். ‘நாமா’ என்றால் பத்திரம். நீதிமன்றத்தில் இருதரப்பும் ‘ராஜியாகப் போவது’ இதே சொல்தான். 1790களில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகால், சேலம் பகுதிகளில் உருவாக்கி, 1820க்குப் பின் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறையில், வரி கட்டிவந்த உழவர் தமக்கு வேண்டாத நிலத்தை அரசிடமே விட்டுவிடலாம். புதிய நிலம் கேட்டு எழுதுவது தரக்காஸ்து. இருக்கும் நிலத்தைச் சம்மதத்துடன் விட்டுக்கொடுத்து எழுதுவது ராஜினாமா. ஆங்கிலேயர் இதனை ‘ரிலிங்க்விஷ்’ என்றனர். உரிமையைத் தானே கைவிடுதல் என்பது அதன் பொருள். பதவியை விடுவதற்கு அச்சொல் நிலைத்ததும் அந்தச் சம்மதம் என்ற பொருளை ஒட்டித்தான். சம்மதமின்றி வாங்கப்பட்ட ராஜினாமா என்பது சொல்லளவிலேயே முரண்.

சட்டம் வகுக்கும் எல்லைகள்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது ‘ரிவோக்’. ஒருவர் முன்வைத்த முன்மொழிவை, எதிர்த்தரப்பின் ஏற்பு அவரைக் கட்டுப்படுத்தும் வகையில் முழுமையடையும் முன்பு மட்டுமே அவர் திரும்பப் பெறலாம் என்கிறது பிரிவு 5. ஏற்பு முழுமையடைந்த பிறகு அந்த வாயில் மூடிவிடும். இரண்டாவது ‘ரெசிண்ட்’. ஒப்பந்தம் உருவான பின், ஏமாற்றோ வற்புறுத்தலோ நடந்திருந்தால் பாதிக்கப்பட்டவர் அதனை முறித்துக்கொள்ளும் உரிமை அது. மூன்றாவது, எந்த உரிமையும் இன்றிச் சொல் தவறுதல். அதைத்தான் ‘பேக் அவுட்’ என்றும் ‘ரெனீஜ்’ என்றும் ஆங்கிலம் சொல்கிறது. சட்டம் அதனை ஒப்பந்த மீறல் என்ற பெயரால் அழைக்கிறது.

இதனைத் தோட்டக் கிரையத்தில் பொருத்திப் பார்க்கலாம். விலை பேசும்போது ‘எனக்கு வேண்டாம்’ என்று எழுந்து போவது முதல் வகை, குற்றமில்லை. அச்சாரம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிய பின், நிலத்தில் வில்லங்கம் மறைக்கப்பட்டது தெரிந்து விலகுவது இரண்டாம் வகை, உரிமை. விலை ஏறிவிட்டது என்பதற்காக விற்பவர் நழுவுவது மூன்றாம் வகை, மீறல். அப்போது வாங்குபவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருமாறு மூன்றாண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். மூன்றையும் ‘வாபஸ்’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு மூன்றும் ஒன்றாகவே தோன்றும்.

பத்திரங்களிலும் இதே வேறுபாடு உயிர்நாடியாக நிற்கிறது. உயில் எழுதியவர், மனத் தெளிவோடு இருக்கும் வரை, அதனை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பப் பெறலாம். ஆனால் உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட தானப் பத்திரத்தைப் பெற்றோர் தம் விருப்பம்போல் திரும்பப் பெற இயலாது. எழுதிக் கொடுத்த பின் சோறும் மருந்தும் மறுக்கப்பட்ட முதியோருக்காகத்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23ஐ வைத்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுக்கப்பட்டு, அது மீறப்பட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே அந்தத் தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிக்கிறார். எனவே எழுதும் நாளிலேயே அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்ப்பது பின்னாளில் காப்பாகும்.

ஜாமீன் கையெழுத்துக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பேற்றவர், இனிமேல் நடப்பவற்றுக்கு மட்டும் தம் பொறுப்பை அறிவிப்பு கொடுத்து விலக்கிக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 130. ஏற்கெனவே வாங்கப்பட்ட கடனிலிருந்து அது அவரை விடுவிக்காது. காப்பீட்டிலோ நிலைமை இன்னும் சாதகமானது. பத்திரம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள், நிபந்தனைகள் பிடிக்கவில்லையெனில் திருப்பிக் கொடுத்து விலகலாம் என்று 2024ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. காரணம் காட்டத் தேவையற்ற இவ்வகை விலகலை ‘ஆப்ட் அவுட்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்க்கலாம். விதியே திறந்து வைத்த வாயில் வழியாக வெளியேறுதல் அது.

திரும்பப் பெற முடியாத திரும்பப் பெறல்

தேர்தல் காலத்தில் மிகுதியாக ஒலிப்பது ‘வேட்புமனு வாபஸ்’. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 37 இதற்கு வழி செய்கிறது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: விலகல் அறிவிப்பைக் கொடுத்த வேட்பாளர் அதனை ரத்து செய்ய அனுமதிக்கப்பட மாட்டார். பின்வாங்கியதிலிருந்து பின்வாங்க முடியாது.

பதவி விலகலில் நிலைமை வேறு. 1977ஆம் ஆண்டில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், பின்வரும் ஒரு தேதியைக் குறிப்பிட்டுப் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். அத்தேதி வருமுன் அதனைத் திரும்பப் பெற்றார். 1978இல் உச்ச நீதிமன்றம், வேறு தடை ஏதும் இல்லாத நிலையில், எதிர்காலத் தேதியிட்ட விலகலை அது நடைமுறைக்கு வருமுன் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே கடிதத்தில் இடும் தேதி வெறும் சடங்கன்று. தமிழ்நாட்டு அரசியலில் 2017 பிப்ரவரி 5 அன்று முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பதவி விலகினார். மறுநாள் ஆளுநர் அதனை ஏற்றார். 7ஆம் தேதி இரவு, தாம் கட்டாயப்படுத்தப்பட்டதாகவும் மக்கள் விரும்பினால் விலகலைத் திரும்பப் பெறத் தயார் எனவும் கூறினார். ஏற்பதற்கு முன், ஏற்பதற்குப் பின் என்ற கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை அந்த மூன்று நாள்கள் காட்டின.

நிறுத்திவைத்தல், திரும்பப் பெறல், நீக்கறவு

அரசுகள் பின்வாங்கும்போது சொற்களின் வேறுபாடு கோடிக்கணக்கானோரைத் தொடுகிறது. மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் 2021 நவம்பர் 19 அன்று அறிவித்தார். அறிவிப்பால் சட்டம் மறையாது. நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் நீக்கறவுச் சட்டத்தை நிறைவேற்றிய பிறகே, மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அவை நீங்கின. இயற்றப்படாத மசோதாவை ‘வித்டிரா’ செய்யலாம். இயற்றப்பட்ட சட்டத்தை ‘ரிப்பீல்’ செய்தாக வேண்டும். உழவர் அமைப்புகள் இந்த வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தன. அறிவிப்பு வந்த அன்றே அவர்கள் கூடாரங்களைக் கலைக்கவில்லை. டிசம்பரில் எல்லையைவிட்டுக் கிளம்பியபோதும், போராட்டத்தை முடித்ததாகக் கூறாமல், ‘சஸ்பெண்ட்’ செய்வதாகவே அறிவித்தனர்.

தமிழ்நாட்டிலும் அண்மைச் சான்று உண்டு. வேலை நேரத்தை நாளொன்றுக்கு 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத்திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் 24ஆம் தேதி அது நிறுத்திவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மே 1 அன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளருக்கும் கோவை ஆலைத் தொழிலாளருக்கும் அந்த ஒரு வாரத்தில் இரு சொற்களுக்கிடையே இருந்த தூரம் சிறியதன்று. நிறுத்திவைத்தது எந்நாளும் உயிர்பெறலாம். 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் உடன்படிக்கையை 2025 ஏப்ரலில் இந்தியா ‘அபேயன்ஸ்’ நிலையில் வைத்ததாக அறிவித்ததும் இந்த வகையே. உடன்படிக்கையை முறித்ததாக அரசு கூறவில்லை.

ரூபாய் நோட்டுகளும் இதே பாடத்தைத் தருகின்றன. 2016 நவம்பர் 8 அறிவிப்பால் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் சட்டப்படி செல்லாதவை ஆயின. 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி 2,000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றது. ஆனால் அவை சட்டப்படி செல்லும் என்றும் கூறியது. இரண்டையும் ‘செல்லாத நோட்டு’ என்ற ஒரே தொடரால் குறித்தால், தேவையற்ற அச்சத்தைப் பரப்பியவர் ஆவோம்.

உடுமலை வட்டாரப் பாசனத்தின் அடித்தளமான பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்தையும் இங்கே நினைவுகூரலாம். 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட அவ்வொப்பந்தத்தில் முப்பதாண்டுக்குப் பின் மறுஆய்வு என்ற ஏற்பாடு உள்ளது. மறுஆய்வு என்பது ‘ரிவ்யூ’, முறித்தல் அன்று. அதனை விலகும் உரிமையாகப் படித்துப் பேசுவது திருமூர்த்தி அணையை நம்பியிருக்கும் உழவர்களிடையே வீண் கலக்கத்தை உண்டாக்கும்.

களமும் புறமுதுகும்

போர்க்களச் சொற்களில் ‘ரிட்ரீட்’ என்பது பெரும்பாலும் எதிரியின் அழுத்தத்தால் பின்னடைதல். ‘வித்டிராயல்’ திட்டமிட்டு விலகுதல். ‘புல் அவுட்’ முற்றாக வெளியேறுதல். ‘புல் பேக்’ சற்றுத் தள்ளி நிற்றல். ‘டிஸ்எங்கேஜ்மென்ட்’ என்பது நேருக்கு நேர் முட்டி நின்ற இரு படைகளும் விலகிக்கொள்வது. 2021 பிப்ரவரியில் லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் இந்திய, சீனப் படைகள் செய்தது அதுவே. அதனை ஒருதரப்புப் பின்வாங்கலாக எழுதினால் செய்தியே திரிந்துவிடும். ஆண்டுதோறும் ஜனவரி 29 அன்று தில்லியில் நடக்கும் ‘பீட்டிங் ரிட்ரீட்’ நிகழ்ச்சியில் தோல்வியின் நிழல் இல்லை; மாலையில் முரசொலி கேட்டு வீரர் முகாம் திரும்பிய வழக்கம் அது. அதனைத் தமிழில் ‘பாசறை திரும்புதல்’ என்று சொன்னவர் பொருளறிந்து சொன்னார்.

நம் மரபிலோ முதுகு காட்டுதல் மானத்தோடு பிணைந்தது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்ததைப் புறநானூறு பதிவு செய்கிறது. அந்நினைவின் எச்சமாகவே, பின்வாங்குவதைக் குறிக்கும் நம் சொற்களில் பல பழிச்சொல்லாக ஒலிக்கின்றன. புறங்காட்டுதல், புறமுதுகிடுதல், நழுவுதல், கழன்றுகொள்ளுதல், ‘ஜகா வாங்குதல்’, ‘பல்டி அடித்தல்’ என்று இகழ்ச்சியின் படிநிலைகள் நம்மிடம் ஏராளம். நடுநிலையான சொற்கள்தாம் குறைவாகப் புழங்குகின்றன.

பேச்சு வழக்குத் தொடர்கள்

ஆங்கிலப் பேச்சிலும் இகழ்ச்சிக்குப் பஞ்சமில்லை. ‘பேக் அவுட்’ என்றால் கொடுத்த வாக்கிலிருந்து விலகுதல். ‘பேக் டவுன்’ என்றால் வாதத்தில் தன் பிடியைத் தளர்த்துதல். ‘பேக் ஆஃப்’ என்றால் நெருக்குவதை நிறுத்துதல். ஓர் உருபு மாறினால் குற்றம் மாறுகிறது. ‘கோல்டு ஃபீட்’ கடைசி நேரத்தில் வரும் தயக்கம். ‘சிக்கன் அவுட்’ அச்சத்தால் நழுவுதல். ‘கட் அண்ட் ரன்’ நங்கூரக் கயிற்றை அறுத்துக்கொண்டு கப்பல் ஓடுவதைக் குறிப்பது. ‘க்ளைம்ப் டவுன்’ ஏறிய உயரத்திலிருந்து வெட்கத்தோடு இறங்குதல். ‘ரோல் பேக்’ விலை உயர்வைத் திருப்பி எடுத்தல். நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களுக்கு மிகவும் பிடித்தமான தொடர். ‘பவ் அவுட்’ ஒன்றுதான் வணங்கி விடைபெறும் கண்ணியத்தைக் காட்டுகிறது. வாக்குத் தவறுவதைக் குறிக்கும் ‘வெல்ஷ்’ என்ற சொல் வேல்ஸ் மக்களைப் புண்படுத்துவதாகக் கருதப்படுவதால் அதனைத் தவிர்ப்பதே முறை. பொறுப்பைத் துறப்பதில் மட்டும் இரு மொழிகளும் ஒரே உவமையைப் பகிர்கின்றன: அவர்களும் கை கழுவுகிறார்கள்; நாமும் கை கழுவுகிறோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கை ‘வித்டிரா’ செய்வது வேறு; வழக்கிலிருந்து ‘வித்டிரா’ செய்வது வேறு. முன்னது வழக்கைத் திரும்பப் பெறுதல். பின்னது வழக்கறிஞர் விலகுதல். நீதிபதி தம் நடுநிலை பற்றி ஐயம் எழாதிருக்க விலகுவதற்கு ‘ரெக்யூஸ்’ என்ற தனிச்சொல்லே இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு இந்த வேலையைச் செவ்வனே செய்யும். தலைப்பில் அதனை விழுங்கிவிட்டு ‘வழக்கு: வாபஸ்’ என்று போடுவதில்தான் குழப்பம் பிறக்கிறது.

கட்டாயத்தின் பேரில்

ஒருவர் தம் கூற்றைத் திரும்பப் பெறுவது ‘ரிட்ராக்ட்’. தம் கொள்கையே தவறென அறிவிப்பது ‘ரிகேன்ட்’. 1633இல் கலீலியோ செய்ய நேர்ந்தது பின்னது. கொங்கு நாட்டில் நாம் கண்ணெதிரே கண்ட நிகழ்வு எழுத்தாளர் பெருமாள்முருகனுடையது. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து, 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தையில், நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும் விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் அவர் இசைந்து கையெழுத்திட நேர்ந்தது. அதன்பின் எழுத்தையே துறப்பதாக அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் பேச்சுவார்த்தை உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று கூறியது.

இத்தீர்ப்பின் பொருளை நம் சொற்களில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்சியலுவலக அறையில் நடந்ததை ‘எழுத்தாளர் பின்வாங்கினார்’ என்று எழுதினால், அவரே விரும்பி முடிவெடுத்தது போன்ற தோற்றம் வரும். ‘பின்வாங்க வைக்கப்பட்டார்’ என்று எழுதினால் வினை செய்தவர் யார் என்ற கேள்வி எழும். செய்வினையா செயப்பாட்டுவினையா என்ற இலக்கண வினா இங்கே அறவினா ஆகிறது. ராஜினாமாவிலுள்ள ‘ராஜி’ இருந்ததா என்பதுதான் இத்தகைய எல்லா நிகழ்வுகளிலும் முதலில் கேட்கப்பட வேண்டியது. மிரட்டலுக்கு அஞ்சிச் சாட்சியம் மாறுபவரைப் ‘பிறழ் சாட்சி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கும்போதும் இக்கேள்வியைத் தவறவிடுகிறோம்.

செய்ய வேண்டியது

புதுச்சொல் ஆக்கும் தேவை பெரிதாக இல்லை. ‘திரும்பப் பெறல்’, ‘நிறுத்திவைத்தல்’, ‘ஒத்திவைத்தல்’, ‘நீக்கறவு’, ‘முறித்தல்’, ‘விலகல்’, ‘துறத்தல்’, ‘மீறல்’ ஆகியவை புழக்கத்தில் உள்ளவையே. ஒவ்வொன்றையும் ஒரு பொருளுக்கென்று உறுதியாகப் பயன்படுத்த நாளிதழ்களும் அரசு அலுவலகங்களும் பள்ளிப் பாடநூல்களும் முன்வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று விலகும் காலத்தைப் ‘பின்னடையும் பருவக்காற்று’ என்று மாணவருக்குத் துல்லியமாகக் கற்பிக்க முடிந்த மொழிக்கு இது இயலாததன்று. ஆங்கில ஒப்பந்தங்களைத் தரும் வங்கிகளும் நிறுவனங்களும், விலகல் தொடர்பான பிரிவை மட்டுமாவது தமிழில் தனித்தாளில் அச்சிட்டுத் தருவதைக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை, கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகள் கேட்பது நலம். எந்த நாள் வரை விலகலாம்? விலகினால் கொடுத்த பணம் என்ன ஆகும்? விலகும் உரிமை இருவருக்குமா, எதிர்த்தரப்புக்கு மட்டுமா? விடை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் வரும் ‘வாபஸ்’ போதாது.